விரல் கணுவில் எண்ணிப் பழகும் ப்ளூஸ்

பாளையங்கோட்டையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கிட்டார் வாசிக்கக் கற்றவர்களில் பலர், என்னைப் போலவே, தேவாலயப் பாடகர் குழுவில் ஒரு மூத்தவர் அருகில் அமர்ந்து கற்றவர்கள். ஜி, சி, டி, இ மைனர் ஆகிய நான்கு கார்டுகளும் (பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்யும் பிடிகள்) அவர்களுக்குக் கண்ணை மூடினாலும் விழும். அப்படிப் பழகிய கையுடன் ப்ளூஸ் வாசிக்க முற்படும்போது, கார்டு மாற்றத்தில் பிழை இல்லாமலேயே வாசிப்பு ஞாயிற்றுக்கிழமைக் கீர்த்தனை போல ஒலிப்பதை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். என் கையும் ஏறத்தாழ ஓராண்டு அப்படித்தான் வாசித்தது. விரல்களை எத்தனை வேகமாகப் பழக்கினாலும் இந்தக் குறை தீராது. ப்ளூஸின் பன்னிரண்டு கட்டச் சுற்றை உடம்பு அறிந்த பிறகே கிட்டாரைத் தொட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மேற்கத்திய இசையில் ‘பார்’ என்று வழங்குவதை, அதாவது நான்கு எண்ணிக்கை கொண்ட ஓர் அளவை, இங்கே கட்டம் என்று குறிப்பிடுகிறேன். ப்ளூஸின் மிகப் பரவலான வடிவம் இப்படிப்பட்ட பன்னிரண்டு கட்டங்களால் ஆனது. அவை நான்கு நான்காக மூன்று வரிகளாகப் பிரிகின்றன. அமெரிக்காவின் தென் மாநிலங்களில், அடிமை முறை ஒழிந்த பின்னும் பருத்திக் காடுகளில் கூலிக்கு உழைத்த கறுப்பின மக்களிடையே, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான இசை இது. ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் எதிர்க்குரல் கொடுக்கும் உழைப்புப் பாடல்களின் சாயல் இதன் அமைப்பிலேயே இருக்கிறது. பாடகர் முதல் வரியைப் பாடுகிறார். அதே வரியைத் திரும்பப் பாடுகிறார். மூன்றாவது வரியில் அதற்கு விடை சொல்கிறார். ஒவ்வொரு வரிக்கும் நான்கு கட்டம் என்றாலும், குரல் ஏறத்தாழ இரண்டு கட்டத்தில் முடிந்துவிடும்; எஞ்சிய இடத்தில் கிட்டார் பதில் சொல்லும். கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. புலவர் ஒரு வரியைச் சொல்லி நிறுத்த, பின்பாட்டுக்காரர்கள் ‘ஆமா’ என்று வாங்கிக்கொள்ளும் அந்த இடம்தான் ப்ளூஸில் கிட்டார் பேசும் இடம்.

இனிக் கையை விரித்துப் பாருங்கள். கட்டைவிரலை விட்டுவிட்டால், நான்கு விரல்களிலும் மும்மூன்று கணுக்களாகப் பன்னிரண்டு கணுக்கள் உள்ளன. நம் பாட்டிமார் கட்டைவிரல் நுனியால் தொட்டு நாள் கணக்குப் பார்த்த அதே கணுக்கள்தான். ஆனால் அவர்கள் ஒரு விரலை முடித்து அடுத்த விரலுக்குப் போவார்கள். நாம் குறுக்கே போக வேண்டும். ஆள்காட்டி விரல் முதல் சுண்டுவிரல் வரை நான்கு விரல்களின் மேல் கணுக்கள் முதல் வரி. நடுக் கணுக்கள் இரண்டாம் வரி. அடிக் கணுக்கள் மூன்றாம் வரி. ஒரு கணுவைத் தொட்டபடி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி முடித்த பிறகே அடுத்த கணுவுக்கு நகர வேண்டும்.

இந்தப் பன்னிரண்டு இடங்களிலும் மூன்று ஆதார சுரங்கள் மட்டுமே வருகின்றன. அவை ஷட்ஜம், சுத்த மத்யமம், பஞ்சமம். பழந்தமிழ்ப் பெயரால் சொன்னால் குரல், உழை, இளி. மேல் வரிசையின் நான்கு கணுக்களும் ச. நடு வரிசையில் முதல் இரண்டு ம, அடுத்த இரண்டு ச. அடி வரிசையில் ப, ம, ச, ப என்று கணுவுக்கு ஒன்றாக மாறும். கட்டைவிரல் கணுக்களைத் தொட, வாய் ச, ம, ப என்று அந்தந்தச் சுருதியிலேயே பாட, காலால் தாளம் போட்டபடி ஒரு நாளைக்கு இருபது சுற்றாவது இதைச் செய்யுங்கள். பேருந்தில் திருநெல்வேலி சந்திப்பிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகும் நேரத்திலேயே பல சுற்றுகள் முடிந்துவிடும். நிமிடத்துக்கு 60 தட்டு என்ற நிதானத்தில் ஒரு சுற்றுக்கு 48 வினாடிகள் போதும்.

இந்தப் பயிற்சியை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. என் அக்காள் மகனுக்கு மொட்டை மாடியில் வைத்து ப்ளூஸ் சொல்லிக் கொடுத்தபோது, நான் நேராகக் கார்டுகளில் தொடங்கினேன். ஆடி மாதச் சாரல் காற்று தாளைப் பறக்கடித்துக்கொண்டிருக்க, அதில் எழுதியிருந்த கட்டங்களைப் பார்த்தே அவன் எட்டுக் கட்டம் வரை ஒழுங்காக வந்தான். ஒன்பதாவதில் விரல் பி7 என்ற கார்டுக்குப் போகத் திணறியது. அந்த ஒரு கணத்தில் எண்ணிக்கை கையை விட்டுப் போயிற்று. கிட்டாரை மடியில் சாய்த்துவிட்டு, “எங்க நிக்கோம்னே தெரியல மாமா” என்றான். அன்று அவன் கையை விரித்துப் பிடித்துக்கொண்டு நாங்கள் இருவரும் கண்டுபிடித்ததுதான் இந்தக் குறுக்குக் கணக்கு. மறுநாளும் அவனுடைய பி7 திணறவே செய்தது. ஆனால் திணறிய பிறகு பத்தாவது கட்டத்தில் சரியான இடத்தில் வந்து சேர்ந்துகொண்டான். கார்டு தவறினாலும் சுற்று தவறக்கூடாது என்பதே உடன் வாசிப்பவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

சுற்று வசப்பட்டதும் கிட்டாரை எடுத்துச் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். தடித்த ஆறாம் தந்தியிலிருந்து மெல்லிய முதல் தந்தி வரை இ, ஏ, டி, ஜி, பி, இ என்ற வழக்கமான சுருதி போதும். தொடங்குவதற்கு நான் பரிந்துரைப்பது இ என்ற ஆதார சுருதி. ஏ-யில் தொடங்குவது விரலுக்கு எளிது என்பது உண்மைதான். ஆயினும் திறந்த ஆறாம் தந்தியின் கனத்த முழக்கம் ஒவ்வொரு சுற்றிலும் வீடு திரும்பும் உணர்வைத் தருகிறது. தொடக்கத்தில் காதுக்கு அந்த அடையாளம் மிகவும் உதவும். இ-யை ஷட்ஜமாகக் கொண்டால் ஏ மத்யமம், பி பஞ்சமம். ஆகவே நமக்கு வேண்டியவை இ7, ஏ7, பி7 ஆகிய மூன்று கார்டுகள்.

இங்கேதான் பாடகர் குழுவில் பழகிய கை தன் வழக்கத்தைக் கைவிட வேண்டும். இ மேஜர் பிடித்துக்கொண்டு, நான்காம் தந்தியின் 2ஆம் ஃபிரெட்டில் (கிட்டாரின் கழுத்தில் குறுக்குக் கம்பிகள் பிரிக்கும் இரண்டாம் இடத்தில்) இருக்கும் மோதிர விரலை மட்டும் எடுத்துவிடுங்கள். நடுவிரல் ஐந்தாம் தந்தியின் 2ஆம் ஃபிரெட்டிலும், ஆள்காட்டி விரல் மூன்றாம் தந்தியின் 1ஆம் ஃபிரெட்டிலும் அப்படியே இருக்கட்டும். விரல் எழுந்த இடத்தில் திறந்த டி தந்தி ஒலிக்கிறது. அதுவே இ-க்குக் கைசிகி நிஷாதம், அதாவது தாழ்ந்த ஏழாம் சுரம். இப்படிப் பிறப்பதுதான் இ7. முன்பு மீட்டியதையும் இப்போது மீட்டியதையும் மாற்றி மாற்றிப் பத்து முறை கேளுங்கள். மேஜர் கார்டு அமர்ந்துவிட்டது போல ஒலிக்கும். ஏழாம் சுரம் சேர்ந்த கார்டு இன்னும் எதையோ சொல்லக் காத்திருப்பது போல ஒலிக்கும். கீர்த்தனைகளில் இத்தகைய கார்டு பெரும்பாலும் அடுத்த கார்டுக்கு இட்டுச்செல்லும் படியாக வந்து உடனே தீர்ந்துவிடும். ப்ளூஸிலோ வீடாகிய ஷட்ஜத்திலேயே அந்தத் தீராமை குடியிருக்கிறது. என்னுடைய ஓராண்டுப் பிழை இதுதான்: கடினமான கார்டுகளைத் தேடிக்கொண்டிருந்த நான், ஒரு விரலை எடுத்தால் போதும் என்பதை அறியவில்லை.

ஏ7-ம் அவ்வாறே பிறக்கிறது. ஏ மேஜரில் 2ஆம் ஃபிரெட்டில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று விரல்களில், மூன்றாம் தந்தியில் உள்ளதை எடுத்துவிட வேண்டும். நான்காம் தந்தியிலும் இரண்டாம் தந்தியிலும் உள்ளவை மட்டும் நிற்கும். ஆறாம் தந்தியைத் தொடாமல் ஐந்தாம் தந்தியிலிருந்து மீட்டுங்கள்.

பி7-க்கு நான்கு விரல்களும் தேவை. ஐந்தாம் தந்தியின் 2ஆம் ஃபிரெட்டில் நடுவிரல், நான்காம் தந்தியின் 1ஆம் ஃபிரெட்டில் ஆள்காட்டி விரல், மூன்றாம் தந்தியின் 2ஆம் ஃபிரெட்டில் மோதிர விரல், முதல் தந்தியின் 2ஆம் ஃபிரெட்டில் சுண்டுவிரல். இரண்டாம் தந்தி திறந்திருக்கும். ஆறாம் தந்தி ஒலிக்கக்கூடாது. பார்க்க அச்சமூட்டினாலும், இ7-இலிருந்து இங்கே வருகையில் நடுவிரல் இருந்த இடத்தை விட்டு நகரவே தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். ஆள்காட்டி விரல் அதே ஃபிரெட்டில் ஒரு தந்தி மேலே தாவுகிறது. மற்ற இரண்டும் புதிதாக இறங்குகின்றன. நடுவிரலை ஊன்றிக்கொண்டு இ7, பி7 இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்தால் ஒரு வாரத்தில் கை இணங்கிவிடும். சுண்டுவிரல் அதற்குப் பிறகும் முதல் தந்தியில் சரியாக அமரவில்லை என்றால், அந்தத் தந்தியை மீட்டாமல் விட்டுவிட்டு மேலே செல்லுங்கள். அதற்காகச் சுற்றை நிறுத்த வேண்டாம்.

இடக்கை இவ்வளவு பழகியதும் வலக்கையைக் கவனிக்க வேண்டும். ப்ளூஸில் பெரிதும் பயிலும் ஷஃபிள் நடை, நம் காதுக்கு அந்நியமானது அன்று. அது திஸ்ர நடை. கழுகுமலைக் காவடிச் சிந்து கேட்டவர்களின் உடம்பில் ஏற்கெனவே இருக்கும் ‘தகிட’. ஒவ்வொரு எண்ணிக்கையையும் த-கி-ட என்று மூன்றாகப் பகுத்து, த-வில் பிக்கை (தந்தியை மீட்டும் சிறு தகட்டை) கீழ்நோக்கியும் ட-வில் மேல்நோக்கியும் மீட்டுங்கள்; கி-யில் கை அசையட்டும், ஆனால் தந்தியைத் தொட வேண்டாம். நெடிலும் குறிலுமாக, சற்றே நொண்டியபடி செல்லும் நடை கிடைக்கும். இரண்டையும் சம அளவாக்கிவிட்டால் ஷஃபிள் மறைந்துவிடும். வேகம் கூடும்போது பலருக்கும் நேர்வது அதுவே. முதலில் வாயால் ‘தகிட தகிட தகிட தகிட’ என்று சொல்லிக்கொண்டே மீட்டுங்கள். இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளில் சற்று அழுத்தம் கொடுங்கள். நிமிடத்துக்கு 60-இல் தொடங்கி, மூன்று சுற்றுகள் பிழையின்றி வந்த பிறகு மட்டும் ஐந்து ஐந்தாகக் கூட்டி 90 வரை செல்லலாம்.

பாடிக்கொண்டே வாசிக்கும் அளவுக்கு வந்துவிட்டால் சுற்று ஒருபோதும் மறக்காது. அக்காள் மகனுக்காக நான் கட்டிக் கொடுத்த வரிகள் இவை:

நெல்லை வண்டி கெளம்பிட்டு, நெஞ்சும் கூடப் போயிட்டு
நெல்லை வண்டி கெளம்பிட்டு, நெஞ்சும் கூடப் போயிட்டு
ஜங்ஷனுல நின்ன வெளக்கு ஒண்ணொண்ணா அணைஞ்சிட்டு

முதல் வரி இ7-இன் மேல் நிற்கிறது. அதே சொற்கள் இரண்டாம் முறை வரும்போது அடியில் ஏ7 மாறிவிடுவதால், சொன்னதையே சொன்னாலும் துயரம் ஒரு படி ஆழமாகிறது. மூன்றாம் வரி பி7-இல் உச்சத்துக்கு ஏறி, ஏ7 வழியாக இறங்கி, இ7-இல் வந்து சேர்கிறது. பன்னிரண்டாம் கட்டத்தின் பி7 மறுபடியும் முதல் கட்டத்துக்கு அழைக்கிறது. இரண்டாம் கட்டத்திலேயே ஒருமுறை ஏ7-க்குப் போய்த் திரும்பும் வழக்கமும் உண்டு. சுற்று நன்றாகப் பதிந்த பிறகு அதையும் முயலலாம். பழைய ப்ளூஸ் பாடகர்கள் தனியாக வாசிக்கும்போது ஒரு கட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் பாடியிருக்கிறார்கள். எனவே பழைய ஒலிப்பதிவுகளுடன் சேர்ந்து வாசிக்கையில் கணக்கு உதைத்தால் உங்கள் மேல் பிழை இருக்க வேண்டும் என்பதில்லை.

குரல் ஓய்ந்த இடத்தில் கிட்டார் சொல்ல வேண்டிய பதிலுக்குச் சுத்த தன்யாசி ராகத்தின் சுரங்கள் போதும். இ-யை ஷட்ஜமாக வைத்து, ஆறாம் தந்தியில் திறந்த நிலையும் 3ஆம் ஃபிரெட்டும். ஐந்து, நான்கு, மூன்று ஆகிய தந்திகளில் திறந்த நிலையும் 2ஆம் ஃபிரெட்டும். இரண்டிலும் ஒன்றிலும் திறந்த நிலையும் 3ஆம் ஃபிரெட்டும் வாசித்தால் ச, க, ம, ப, நி முழுவதும் கிடைத்துவிடும். இந்த ராகத்தின் காந்தாரம் சாதாரண காந்தாரம். அடியில் ஒலிக்கும் இ7-இலோ அதைவிட அரைச் சுரம் உயர்ந்த அந்தர காந்தாரம் இருக்கிறது. இரண்டும் உரசும் அந்த இடமே ப்ளூஸின் உயிர் என்று நான் எண்ணுகிறேன். மூன்றாம் தந்தியைத் திறந்து மீட்டி, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே 1ஆம் ஃபிரெட்டில் ஆள்காட்டி விரலைத் தட்டிப் பாருங்கள். சாதாரண காந்தாரம் அந்தரத்துக்கு ஏறுவது கேட்கும். பிறகு முதல் தந்தியின் 3ஆம் ஃபிரெட்டை அழுத்தி, வீணையில் தந்தியை இழுப்பது போல இலேசாக இழுங்கள். அரைச் சுரம் வரை போகாமல், இரண்டு காந்தாரங்களுக்கும் நடுவில் நிறுத்துங்கள். எந்த ஃபிரெட்டிலும் இல்லாத அந்தச் சுரத்தைக் காதுதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக ஒரு மாலை முழுவதையும் செலவிடலாம்.

இ-யில் தயக்கம் நீங்கியதும் இதே கணுக்கணக்கை ஏ-யில் வைத்து, ஏ7, டி7, இ7 என்று மாற்றி வாசியுங்கள். பாட்டை முடிக்கும் சுற்றில் மட்டும் ஒரு மாற்றம் தேவை. கடைசிக் கணுவாகிய சுண்டுவிரல் அடியை அடையும்போது, இ-யில் வாசித்தால் பி7-க்கும் ஏ-யில் வாசித்தால் இ7-க்கும் போகாமல், ஷட்ஜத்தின் ஏழாம் கார்டையே ஒருமுறை நிதானமாக மீட்டி, தந்திகள் தாமாக ஓயும் வரை வலக்கையை எடுத்துவிட வேண்டும்.