கல்வெட்டுப் பக்கத்தில் முகத்தை மங்கலாக்குவது

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் என் கடை. கலியாணக் காட், பிறந்தநாள் பனர் எல்லாம் செய்வேன்; ஆனாலும் மாதத்தில் பாதி வேலை 31ஆம் நாள் கல்வெட்டுத்தான், அதாவது இறந்தவரின் நினைவாக அவர் படமும் தேவாரமும் போட்டு 31ஆம் நாளில் கொடுக்கிற சிறு புத்தகம். வருகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒன்றே: "அக்கா, அப்பான்ர முகம் பின்னால மங்கலாத் தெரிய வேணும், மேல தேவாரம் வர வேணும்." இதை வீட்டிலிருந்தே செய்யலாம். நான் போட்டோஷொப்பில் செய்கிறேன். காசு கொடுக்காமல் கிடைக்கிற கிம்ப் (GIMP) மென்பொருளிலும் போகிற வழி ஏறக்குறைய இதுதான், மெனுக்களும் நான் சொல்லும் விசைகளும் மாறியிருக்கும்.

முதலில் படம். சுவரில் மாலையோடு தொங்குகிற பிரேமைக் கண்ணாடியோடு படமெடுத்து அனுப்புவார்கள். அப்பாவின் நெற்றியில் டியூப்லைட் வெள்ளைக்கோடாக விழுந்திருக்கும். பிரேமைக் கழற்றி, ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் டொக்கியுமென்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் படம் சுருங்கிப்போய்த்தான் வரும்.

ஏ5 அளவில் புதுப் பக்கம் திறவுங்கள்: 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) 1748 × 2480 பிக்சல். லேயர் என்பது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிற கண்ணாடித்தாள் மாதிரி. அடியில் வெள்ளை லேயர், அதற்கு மேல் படம், எல்லாவற்றுக்கும் மேல் எழுத்து. படத்தைத் தனியாகத் திறந்து அதிலேயே வேலை தொடங்கினால் அது 'பேக்ரவுண்ட்' என்று பூட்டுப் போட்டபடி நிற்கும், ஒபாசிட்டி (படம் எவ்வளவு அடர்த்தியாகத் தெரிகிறது என்ற அளவு) அசையாது. கொம்பியூட்டர் பழுது என்று நினைக்க வேண்டாம், அந்தப் பூட்டின் மேல் ஒருமுறை கிளிக் பண்ணினால் திறந்துவிடும்.

இனி படத்தின் லேயரைத் தெரிவுசெய்து ஒபாசிட்டியைக் குறையுங்கள். 'வி' விசையை அழுத்தி மூவ் டூலுக்குப் போய் 2ஐத் தட்டினால் 20 சதவீதம். 2, 5 என்று கெதியாகத் தட்டினால் 25. பிரஷ் கையில் இருக்கும்போது தட்டினால் பிரஷின் ஒபாசிட்டிதான் மாறும், படம் அப்படியே இருக்கும். படத்தையும் எழுத்தையும் ஒரே குரூப்பில் போட்டுக் குரூப்பைக் குறைக்கவும் கூடாது. தேவாரமும் சேர்ந்து மங்கிவிடும்.

எத்தனை சதவீதம்? எனக்கு 18க்கும் 25க்கும் இடையில்தான் சரிவரும். கடை தொடங்கிய புதிதில் 40 வைத்தேன். திரையில் அவ்வளவு வடிவு. 200 பிரதி அடித்துக் கொடுத்தபிறகு, அந்த வீட்டுப் பெரியம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னா: "பிள்ளை, ரெண்டாவது பாட்டு ஐயான்ர மீசைக்குள்ள போயிட்டுது." திரும்ப அடித்தது என் காசில். பிறகுதான் கணக்குப் பார்த்தேன். கறுப்பு 0, வெள்ளை 255 என்ற அளவில், தனிக்கறுப்பை வெள்ளைக்கு மேல் 20இல் வைத்தால் அது 204 என்ற வெளிர்சாம்பலாகிறது, 40இல் 153. கறுத்த மீசையும் கோட்டும் அந்தச் சாம்பலில் நின்றால் மெல்லிய எழுத்துக்குத் தப்ப வழியில்லை.

ஆனால் முழுப்படத்தையும் 20க்கு இறக்கினால் முகமும் செத்துப்போகும். அதற்குத்தான் மாஸ்க், படத்தை அழிக்காமல் வேண்டிய இடத்தை மட்டும் மறைக்கிற மறைப்பு. ஒபாசிட்டியை 45 அளவில் விட்டு, லேயர் பலகையின் அடியிலுள்ள, நடுவில் வட்டம் போட்ட சின்னப் பெட்டியை அழுத்துங்கள். படத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். அந்தக் கட்டத்தின் மேல் கிளிக் பண்ணி, 'ஜி' விசையால் கிரேடியன்ட் (ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்குப் படிப்படியாக மாற்றும் கருவி) எடுத்து, வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் போகும்படி முகவாய்க்கட்டையிலிருந்து நெஞ்சுவரை மேலிருந்து கீழாக இழுங்கள். வெள்ளை காட்டும், கறுப்பு மறைக்கும். கண்ணும் நெற்றியும் மேலே தெளிவாக நிற்க, கழுத்துக்குக் கீழே படம் புகைபோலக் கரைந்துவிடும். தேவாரத்தை அந்த வெறுமையில் வையுங்கள். தலைகீழாக வந்தால் மாஸ்க்கைத் தெரிவுசெய்து கொன்ட்ரோலோடு 'ஐ'. படத்தில் ஒரு புள்ளியும் அழியவில்லை. மாஸ்க்கை நீக்கினால் அப்பா முழுதாகத் திரும்பி வருவார்.

மங்கலாக்கிய படம் மட்டும் வேறு எங்காவது ஒட்ட வேண்டுமென்றால், வெள்ளை லேயருக்குப் பக்கத்திலுள்ள கண் அடையாளத்தையும் எழுத்து லேயரின் கண்ணையும் மூடிவிட்டு பிஎன்ஜியாக எடுங்கள். ஜேபெக்கில் ஊடுதெரிதல் நிற்காது, பின்னால் வெள்ளை அடித்துவிடும்.

அச்சுக்குக் கொடுக்கமுன் அதே கடதாசியில் ஒன்று எடுத்துப் பாருங்கள். திரையை நம்பாதீர்கள், அது பின்னாலிருந்து வெளிச்சம் அடிக்கிற சாமான்.

பிறகு, லேயர்களை ஒன்றாக்காமல் பிஎஸ்டியை (போட்டோஷொப்பின் சொந்தக் கோப்பை) அப்படியே வைத்திருங்கள். பக்கம் முடிந்த அன்று பின்னேரம் கட்டாயம் ஒரு போன் வரும்: "அக்கா, கனடாவில இருக்கிற பேரன்ர பேர் விடுபட்டுப்போச்சு."