செம்புக் கம்பியை இழுத்துப் பார்ப்போம்: மீளும் நீட்சி, மீளாத நீட்சி

தகைவு (ஓர் அலகுப் பரப்பில் செயல்படும் விசை), திரிபு (அதனால் நீளம் எத்தனை பங்கு மாறுகிறது) என்று பாடத்தில் படிப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் மனதில் நிற்கும். குன்னூர் பஜாரில் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் 1.5 சதுர மி.மீ. ஒயர் கிடைக்கும். உறையை உரித்தால் உள்ளே 0.3 மி.மீ. இழைகள். ஒன்றை மடங்காமல் பிரித்தெடுங்கள். நான்கு மீட்டர் போதும்.

படி 1: மாடிப்படிக் கைப்பிடியில் தொங்கவிடுங்கள். முடிச்சு வேண்டவே வேண்டாம். முடிச்சு இறுகும்போது இழை நழுவும், அதை நீட்சி என்று நினைத்துவிடுவோம், அறுவதும் அங்கேதான். கைப்பிடியில் பத்துச் சுற்று சுற்றி, நுனியை டேப்பால் ஒட்டுங்கள். சுற்றுக்குக் கீழே ஒரு டேப் துண்டு, அங்கிருந்து 2 மீட்டர் கீழே இன்னொன்று. இரண்டையும் கவனித்தால் நழுவல் எது, நீட்சி எது என்று தெரிந்துவிடும்.

படி 2: 100 மி.லி. தண்ணீருள்ள பாட்டிலை நிரந்தரமாகத் தொங்கவிடுங்கள். இழையின் நெளிவு நிமிர்ந்த பிறகே முதல் அளவு. இதை விட்டால் மற்றதெல்லாம் வீண்.

படி 3: இன்னொரு பாட்டிலில் 200 மி.லி. ஏற்றுங்கள். சுமார் அரை மி.மீ. நீளும். வெர்னியர் என்ற நுண் அளவுகோலுக்குச் செலவழிக்காதீர்கள், ஸ்டீல் ஸ்கேலும் ஃபோன் கேமராவின் ஜூமும் போதும். அந்தப் பாட்டிலை எடுத்தால் குறி (கீழே ஒட்டிய டேப்) பழைய இடத்துக்கே வர வேண்டும். அணுக்களின் பிணைப்பு சற்றே விரிந்து சுருங்குகிறது, அவ்வளவுதான். நீட்சி சுமைக்கு நேர்விகிதம் என்று ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1678-இல் சொன்னது இந்த எல்லைக்குள்தான்.

படி 4: தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் இறக்கிப் பாருங்கள். குறி திரும்பாத இடம் வரும்; அதுவே மீட்சி எல்லை. அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் புது இடத்தில் அமர்ந்துவிட்டன. ஒரு கிலோவை நெருங்கும்போது நீட்சி சென்டிமீட்டர் கணக்கில் போகும், ஆகவே கீழே அரை மீட்டர் இடம் விடுங்கள். அறுந்தால் துள்ளும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் ஒன்று: இப்படி நீண்ட இழையை இறக்கி மறுபடி ஏற்றினால், முன்பு மீளாமல் நீண்ட அதே சுமைக்கு இப்போது மீளும் அளவே நீளும். செம்பு இறுகிவிட்டது. எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

பின்சேர்க்கை: ஊட்டி வாசகர் ஒருவர், சுமையைக் கூட்டாமலே குறி இறங்கியது என்று எழுதியிருந்தார். உறைபனிக் காலையில் தொடங்கி மதியம் அளந்திருக்கிறார். 15 டிகிரி சூடேறினால் 2 மீட்டர் செம்பு தானாகவே அரை மி.மீ. நீளும், படி 3-இன் நீட்சியும் அதே அளவு. வெயில் படாத இடத்தில், ஒரே மூச்சில் அளந்து முடியுங்கள்.