பறவைப் படத்தில் சமநிலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர்காலம் வந்தாலே கேளம்பாக்கம் உப்பளங்களின் வரப்புகளில் புதிய கேமராக்களைப் பார்க்கலாம். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகளை ஒவ்வொருவரும் முதலிலிருந்து செய்வதைப் பார்த்தால் சும்மா இருக்க முடிவதில்லை. கண்ணில் ஃபோகஸ் வையுங்கள், பறவை பார்க்கும் திசையில் இடம் விடுங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். சட்டகத்துக்குள் பறவையும் மற்றவையும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைத்தான் சமநிலை என்கிறேன். அதைக் கெடுக்கும் தவறுகள் மட்டும் இங்கே.

நின்றுகொண்டே எடுப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். வீண் செலவும் இதனால்தான் வருகிறது.

போன சீசனில் ஓர் இளைஞர் வாடகைக்கு எடுத்த 600 மி.மீ. லென்ஸோடு வரப்பின் மேல் நின்று நெடுங்கால் உள்ளானைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். எடுத்தவற்றைக் காட்டினார். பறவைக்குப் பின்னால் சேறு, கல், புல் நுனி எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. "இதைவிட விலை கூடின லென்ஸ் வாங்கினா பின்னணி மங்கிடுமாண்ணா?" என்று கேட்டார். "லென்ஸ் இருக்கட்டும் தம்பி, முதல்ல கீழே இறங்கிப் படுங்க" என்றேன்.

கணக்கு எளியது. பறவை 10 மீட்டர் தள்ளி நிற்கிறது, அதன் உடல் தரையிலிருந்து 25 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேமரா ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், பார்வைக் கோடு பறவையைத் தாண்டி இரண்டே மீட்டரில் சேற்றில் முட்டிவிடும். அதுதான் உங்கள் பின்னணி. கேமராவை 30 செ.மீ. உயரத்துக்கு இறக்கினால், அதே கோடு பறவைக்குப் பின்னால் 50 மீட்டர் போய்த்தான் தரையைத் தொடும். அவ்வளவு தூரத்தில் இருப்பது சாதாரண லென்ஸிலும் கரைந்துவிடும்.

சமநிலையும் இதில்தான் மாறுகிறது. மேலிருந்து பார்த்தால் அந்த நீண்ட சிவந்த கால்கள் குறுகி, பறவை சேற்றோடு சேர்ந்த ஒரு திட்டாகிவிடும். தாழ்ந்து பார்த்தால் கால்களின் முழு நீளமும் கிடைக்கும். நீரும் அப்படித்தான்: மேலிருந்து பார்த்தால் அடிச்சேறு தெரியும், தாழ்வான கோணத்தில் பிம்பம் தெளியும். அப்புறம் பறவையும் பிம்பமும் சேர்ந்தே ஒரு பொருள். கீழே உள்ள எடை மேலே உள்ள எடையைத் தாங்குகிறது. பிம்பத்தின் தலையைச் சட்டகத்துக்கு வெளியே விட்டால் படம் அந்தரத்தில் நிற்கும்.

அந்தத் தம்பி சட்டை சேறாவதைப் பார்க்காமல் படுத்தார். லென்ஸுக்கு அடியில் வைக்க என் தவிட்டுப் பையைக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் கேமரா திரையைப் பார்த்துவிட்டு, புது லென்ஸ் பற்றிய பேச்சையே விட்டுவிட்டார்.

ஒரு எச்சரிக்கை. மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை ஆள்காட்டிகள் வெறும் தரையிலேயே முட்டையிடும். தலைக்கு மேல் அது கத்திக்கொண்டு சுற்றினால் முட்டையோ குஞ்சோ பக்கத்தில்தான் இருக்கிறது. தவழ்ந்து போகாதீர்கள். வந்த வழியே திரும்பிவிடுங்கள். எந்தப் படமும் அதைவிடப் பெரிதில்லை.

பறக்கும் கூழைக்கடாவுக்கு முழு ஜூம்

வேண்டாம். விரிந்த சிறகு இரண்டு மீட்டருக்கு மேல். வெட்டுப்பட்ட நுனியைப் பிறகு ஒட்ட முடியாது.

ஓரத்து வெளிச்சம்

கண் முதலில் போவது பளிச்சென்ற இடத்துக்கு. கரிச்சானை எவ்வளவு சரியாக வைத்தாலும், மூலையில் ஒரு வெள்ளை வானத் துண்டு இருந்தால் படம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். பட்டனை அழுத்தும் முன் நான்கு மூலைகளையும் ஒருமுறை பாருங்கள்.

மரத்தையே அள்ளுவது

வேடந்தாங்கலில் கரையிலிருந்துதான் பார்க்க முடியும், கீழே இறங்க வழியில்லை. அங்கே எல்லோரும் நாரைகள் நிறைந்த மரத்தை அப்படியே எடுக்கிறார்கள். பின்னர் பார்த்தால் கண் நிற்க ஓர் இடம் கிடைக்காது. கிளை நுனியில், கூட்டத்திலிருந்து கொஞ்சம் விலகி நிற்கும் ஒரு மஞ்சள் மூக்கு நாரையைத் தேடுங்கள். மற்றவை பின்னால் மங்கலாக இருக்கட்டும். ஜோடியை எடுப்பதானால் ஒன்றின் அலகு மற்றதன் கழுத்தில் ஒட்டக் கூடாது. நடுவே துளியாவது வெளிச்சம் தெரிய வேண்டும். இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தாலே பெரும்பாலும் போதும்.

நடுப்புள்ளியிலேயே ஃபோகஸ்

ஃபோகஸ் புள்ளி நடுவிலேயே இருந்தால் பறவையும் நடுவிலேயே மாட்டிக்கொள்ளும். புள்ளியை நகர்த்தும் பட்டனைக் கண்ணை மூடிக்கொண்டும் தொடும்படி வீட்டிலேயே பழகிவிட்டு வாருங்கள்.