பழைய பட வசூலை இன்றைய மதிப்புக்கு மாற்றும்போது சறுக்கும் இடங்கள்

மதுரை தங்கம் தியேட்டர் 1952-ல் 'பராசக்தி'யோடு திறந்தபோது நாட்டில் அணாக் கணக்குதான். 1957 ஏப்ரலுக்கு முந்தைய கணக்குத் தாளில் 2-8-0 என்றிருந்தால் அது 2 ரூபாய் 80 காசு இல்லை. 2 ரூபாய் 8 அணா, அதாவது இரண்டரை ரூபாய். முதல் சறுக்கல் பெரும்பாலும் இங்கேயே நடந்துவிடும்.

அடுத்தது, கையில் இருக்கும் தொகை எதைக் குறிக்கிறது என்று பார்க்காமல் பெருக்குவது. கிராஸ் என்றால் வரியோடு சேர்த்து. நெட் என்றால் வரி போக. ஷேர் என்றால் தியேட்டர் பங்கும் கழிந்து விநியோகஸ்தர் கைக்கு வந்தது. பழைய படத்தின் ஷேரைப் புதுப் படத்தின் கிராஸோடு மோதவிட்டுச் சண்டை போடுகிறவர்கள் ஏராளம். 'எம்.ஆர். ஏரியா வசூல்' என்பதை மதுரை நகர வசூலாக எடுப்பதும் தப்பு. அது பழைய மதுரை, ராமநாதபுரம் மாவட்டங்கள் மொத்தமும். இன்றைய திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை எல்லாம் அதில் அடக்கம்.

இனி விலைவாசிக் குறியீடு, அதாவது விலைவாசி எவ்வளவு ஏறியது என்று காட்டும் எண். தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டுக்கு 1960, 1982, 2001, 2016 என்று அடிப்படை ஆண்டு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் குறியீடு திரும்ப 100-ல் தொடங்கும். பழைய வரிசை எண்ணையும் புது வரிசை எண்ணையும் நேரடியாக வகுத்தால் விடை கேலிக்கூத்தாகிவிடும். புது வரிசை எண்ணைப் பழைய வரிசைக்கு மாற்றித் தரும் அகில இந்திய இணைப்புக் காரணிகளைப் பெருக்க வேண்டும்: 4.93 × 4.63 × 2.88 = 65.74. ஆக, 1960-ன் ஒரு ரூபாய் 2016-ல் சுமார் 66 ரூபாய்.

இதிலும் ஒரு கண்ணி. 1960-ல் 25 காசு தரை டிக்கெட் என்று வைத்தால், இந்தக் கணக்குப்படி 2016-ல் 16 ரூபாய் சொச்சம். அந்த விலைக்கு எந்த மல்டிபிளக்ஸில் படம் பார்த்தோம்? டிக்கெட் விலை அரிசி, பருப்பு விலையோடு சேர்ந்து ஏறியதில்லை. அதனால்தான் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற தலைக்கணக்கு இதைவிட நம்பகமானது.

தலைக்கணக்குக்கு வசூலைச் சராசரி டிக்கெட் விலையால் வகுக்க வேண்டும். சராசரி எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு பேச்சுக்கு, தரை 500 பேர் 25 காசு, பெஞ்ச் 300 பேர் 50 காசு, பால்கனி 200 பேர் 1.25 ரூபாய். மூன்று விலையையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 67 காசு வரும். சீட்டு எண்ணிக்கையோடு பெருக்கிப் பாருங்கள்: மொத்தம் 525 ரூபாய், 1000 பேர், தலைக்கு 52.5 காசுதான். ஒரு லட்சம் வசூலுக்கு முதல் கணக்கில் ஒன்றரை லட்சம் பேர், இரண்டாவதில் 1.90 லட்சம் பேர். தரை டிக்கெட் கூட்டத்தில் 40 ஆயிரம் பேரைக் காணாமல் அடித்துவிட்டோம்!

புதுப் படங்களுக்குள்ளேயே ஒப்பிட்டாலும் வரியைப் பார்க்க வேண்டும். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. 28 சதவீதம்; 2019 ஜனவரியிலிருந்து 18. எல்லாமே அந்த விலை டிக்கெட் என்றால், ஒரு கோடி கிராஸில் ஜி.எஸ்.டி. போக மிஞ்சுவது முன்பு 78 லட்சம், பின்பு கிட்டத்தட்ட 85 லட்சம். உள்ளாட்சியின் கேளிக்கை வரி தனி.

பழைய படம் ஒரே வருடத்தில் சம்பாதித்து முடித்ததும் இல்லை. நகரத்தில் ஓடி, சின்ன ஊர்களுக்குப் போய், டூரிங் டாக்கீஸில் சுற்றி, சில வருடம் கழித்து மறுபடி ரிலீஸாகி வந்த காசு அது. மொத்தத்தையும் வெளியான ஆண்டின் குறியீட்டால் பெருக்கினால் தொகை வீங்கும். எந்த வருடம் வந்த வசூலோ அந்த வருடக் குறியீட்டால் தனித்தனியாக மாற்றி, பிறகு கூட்டுங்கள்.