செய்தியில் ‘மசோதா’ என்று வந்தால் எப்படிப் படிப்பது?

ஏதோ ஒரு மசோதா நிறைவேறிவிட்டது என்று டிவியில் பார்த்த என் சித்தி, மறுநாளே வியாசர்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி ஓர் அலுவலகத்துக்குப் போனார். “எங்களுக்கு இன்னும் எதுவும் வரலம்மா” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் வெயிலில் அலைந்ததில் எனக்கு மனசே ஆறவில்லை. அன்று ராத்திரி அவருக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். அரபியில் ‘முசவ்வதா’. உருது வழியாக நம்மிடம் வந்து மசோதா ஆயிற்று. கறுப்பு என்ற பொருளுள்ள வேரிலிருந்து பிறந்த சொல், அதாவது மையால் கறுத்த வரைவுத் தாள். திருவல்லிக்கேணியில் எங்கள் மாடியில் குடியிருந்த உருது வாத்தியார், மகள் கல்யாணப் பத்திரிகைக்கு எழுதிய தாளை ஒருநாள் காட்டினார். வரிக்கு வரி அடித்தல், சம்பந்தி பெயருக்கு மேலே இன்னொரு பெயர், ஓரமெல்லாம் அம்புக்குறி. “இது முசவ்வதாம்மா. இதையே சுத்தமா எழுதினா முபய்யஸா” என்றார். அது வெண்மையிலிருந்து வந்த சொல்லாம். அன்றிலிருந்து மசோதா என்று படித்தாலே அந்தத் தாள்தான் எனக்குக் கண்ணில் தெரிகிறது. சட்டமுன்வடிவு என்ற தமிழ்ச் சொல்லும் இதைத்தான் சொல்கிறது.

அப்புறம் பக்கத்தில் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். ‘தாக்கல்’ என்றால் தாள் அவைக்குள் நுழைந்திருக்கிறது, அவ்வளவுதான். ‘நிறைவேறியது’ என்பதில்தான் சித்தி ஏமாந்தார். கோட்டையில் மேஜை தட்டும் ஓசை கேட்டாலும், அரசியலமைப்பின் 200ஆவது பிரிவுப்படி ஆளுநர் ஒப்புதல் வேண்டும். அவர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினால் அங்கிருந்து வர வேண்டும். ஒப்புதல் வந்து அரசிதழில் வெளியானதா என்று பாருங்கள்.

அதற்குப் பிறகும் ‘அமல்’ என்ற சொல்லுக்காகக் காத்திருங்கள். அதுவும் அரபிதான், செயல் என்று பொருள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு 2023 டிசம்பர் 25 அன்றே குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. அமலுக்கு வந்தது 2024 ஜூலை 1. அதுவரை 1860ஆம் வருஷத்து தண்டனைச் சட்டம்தான் நடப்பில் இருந்தது. எந்தச் சட்டமானாலும் முதல் பிரிவைப் படியுங்கள். எப்போது அமலுக்கு வரும் என்பது பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

அவசரச் சட்டம் மட்டும் வேறு. பேரவை கூடாத நேரத்தில் ஆளுநர் பிறப்பிப்பது அது. பிறப்பித்ததுமே செல்லும், ஆனால் பேரவை மறுபடி கூடிய ஆறு வாரத்தில் காலாவதியாகிவிடும். 2017இல் மெரினா போராட்டத்தின்போது ஜல்லிக்கட்டுக்கு ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம் வந்த பிறகும், 23ஆம் தேதி பேரவையில் மசோதா நிறைவேற்றியது அதனால்தான்.

சட்டம் என்றால் படத்துக்குப் போடும் மரச்சட்டமும்தானே? மூலை அடித்து முடித்ததைப் பிரித்தால்தான் அளவு மாற்ற முடியும். மசோதாவில் பேனாவால் அடித்தால் போதும். ஆகவே உங்களைப் பாதிக்கும் மசோதா வந்தால், தாக்கல் என்ற செய்தி பார்த்த அன்றே உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.விடம் எழுதிக் கொடுங்கள். எந்தப் பிரிவு, எந்த வரி, அதற்குப் பதில் என்ன வர வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.