மினி டிராக்டர் லோடருக்குப் பக்கெட் வாங்கும் முன்

மினி டிராக்டரில் முன்பக்க லோடர் பொருத்தியவுடன் பலரும் கேட்பது, "இருப்பதிலேயே பெரிய பக்கெட் எது?" என்பதுதான். நானும் அதையே கேட்டு வாங்கினேன். முதல் வாரமே ஈர மணலைக் குவித்து அள்ளித் தூக்கியபோது பின்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பிவிட்டது. பக்கெட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அதில் எவ்வளவு கொள்ளும் என்று பார்த்தல்ல; நாம் அள்ளப்போகும் பொருள் எவ்வளவு கனக்கும் என்று பார்த்து.

படி 1: ஓர் ஆண்டில் லோடர் எதையெல்லாம் அள்ளும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். தொழுவுரம், வண்டல், கிராவல், மணல், தென்னை மட்டை என எதையும் விடாதீர்கள். அதிக நாள் அள்ளுவது எது, அதிகம் கனப்பது எது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: எடைக் கணக்கு. இதை மட்டும் அவசரமாகப் போடாதீர்கள். லோடர் கையேட்டில் தூக்கும் திறன் பெரும்பாலும் இரண்டு விதமாக இருக்கும்: பக்கெட்டை லோடரோடு மாட்டும் இரும்புப் பின்னில் (pin) அளந்தது ஒன்று, அதற்கு 500 மில்லிமீட்டர் முன்னால் அளந்தது மற்றொன்று. சுமை பக்கெட்டுக்குள்தான் உட்காரும் என்பதால், சிறிதாக உள்ள இரண்டாவது எண்ணையே நம்புங்கள். அதிலிருந்து பக்கெட்டின் எடையையும் கழிக்க வேண்டும்.

திறன் 300 கிலோ, பக்கெட் 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 220 கிலோ. பாதி மக்கிய தொழுவுரம் ஒரு கன அடி ஏறக்குறைய 20 முதல் 25 கிலோ வரும். ஈர மணல் 50 கிலோவைத் தாண்டும். 7 கன அடி பக்கெட்டில் உரம் நிரப்பினால் 175 கிலோவுக்குள் அடங்கும். அதே பக்கெட்டில் ஈர மணல் என்றால் 350 கிலோவுக்கு மேல்! மணலும் கிராவலுமே முக்கிய வேலை என்றால் 4 கன அடி போதும். கடைக்காரர் சொல்லும் கொள்ளளவு விளிம்பு மட்டத்துக்கா, குவியலுக்கா என்றும் கேளுங்கள்.

படி 3: பக்கெட்டின் அகலம் டிராக்டர் சக்கரங்களின் வெளி அகலத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அள்ளாமல் விட்ட மண்ணின் மேல் சக்கரம் ஏறும். மாட்டுக்கொட்டகை வாசலையும் அளந்துவிடுங்கள்.

படி 4: வகை. முதல் பக்கெட்டாக, போல்ட்டில் கழற்றி மாற்றக்கூடிய விளிம்புத் தகடு உள்ள சாதாரண மண் பக்கெட்டையே நான் பரிந்துரைப்பேன். தேய்ந்தால் தகடு மட்டும்தான் செலவு. இறுகிய செம்மண்ணைக் கிளற, பல் வைத்த பட்டையைப் பின்னர் பொருத்திக்கொள்ளலாம். ஆனால் கொட்டகையின் சிமென்ட் தரையில் பல் பட்டையோடு இறங்காதீர்கள், தரை கீறிப் பெயரும். வைக்கோல் கலந்த சாணத்துக்கு முள்கரண்டி போன்ற கவை நல்லது. மட்டையைக் கவ்விப் பிடிக்கும் கிராப்பிளுக்குத் தனி ஹைட்ராலிக் இணைப்பு வேண்டும், அதன் எடையும் தூக்கும் திறனைத் தின்னும். அதை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள்.

படி 5: பக்கெட் மாட்டும் இரும்புப் பின்னின் தடிமன், அந்தப் பின்களுக்கு இடையிலான தூரம் இரண்டையும் லோடரில் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

படி 6: பின்பாரம். டிராக்டரின் பின்னால் கருவி மாட்டும் மூன்று முனை இணைப்பில் ரோட்டவேட்டரோ எடைப்பெட்டியோ இல்லாமல் லோடரில் கனத்தைத் தூக்காதீர்கள். பின் டயர்களில் நீர் நிரப்புவதும் உதவும். சுமையோடு ஓட்டும்போது பக்கெட் தாழ்வாகவே இருக்கட்டும், மேட்டுச் சரிவில் இன்னும் தாழ்வாக.

பணம் கட்டும் முன், பின்பாரத்தோடு, கணக்கில் வந்த அளவுக்கு மட்டும் ஈர மணலைப் போட்டு முழங்கால் உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். பின்சக்கரங்கள் தரையில் அழுந்தி நின்று, ஸ்டியரிங் திணறாமல் திரும்பினால் அந்தப் பக்கெட்டை எடுத்துக்கொள்ளலாம்.