தோண்டியெடுத்த இரும்பையும் வெண்கலத்தையும் கெடாமல் வைப்பது எப்படி?

மண்ணிலிருந்து தோண்டியெடுத்த பழைய இரும்புப் பொருள் பார்க்கத் திடமாகத்தான் இருக்கும். ஆனால் மண்ணின் குளோரைடு உப்பு அதற்குள் ஊறிக் கிடக்கிறது. காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் அரிப்பு மறுபடி தொடங்கிவிடும். இரண்டில் ஒன்றைத் தடுத்தாலே போதும். ஈரத்தைத் தடுப்பதுதான் எளிது.

1. பொருளைக் கவனியுங்கள். லென்ஸ் வைத்துப் பாருங்கள். இரும்பின் மேல் ஆரஞ்சு நிறத்தில் பொடித்துளிகள், அடியில் புதிதாக உதிர்ந்த செதில்கள் இருந்தால் அரிப்பு இப்போதும் நடக்கிறது. வெண்கலத்தில் வெளிர்பச்சைத் தூள் தொட்டாலே உதிர்ந்தால் அது 'வெண்கல நோய்', அதாவது குளோரைடு உப்பால் வரும் அரிப்பு. கெட்டியான பச்சைப் படலம் வேறு. அதைச் சுரண்டவே கூடாது. தேதியுடன் படம் எடுத்து வையுங்கள்.

2. இலக்கு. உப்பேறிய இரும்புக்கு ஒப்பு ஈரப்பதம் (காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் இப்போது இருக்கும் பங்கு) 15 சதவீதத்துக்குக் கீழே, முடிந்தால் 12க்கும் கீழே. வெண்கலத்துக்கு 35 முதல் 40 போதும். மரக்கைப்பிடியோ தோலோ ஒட்டியிருந்தால் இவ்வளவு உலர்த்தாதீர்கள், வெடித்துவிடும். அதற்குத் தொல்பொருள் பாதுகாப்பு வல்லுநரைக் கேளுங்கள்.

3. பெட்டி. இறுக்கமாக மூடும் பாலிப்ரொப்பிலீன் டப்பா நல்லது. பிவிசி, மரம், சாதாரண அட்டை வேண்டாம். மரத்தின் அமில ஆவி உலோகத்தை, முக்கியமாக ஈயத்தை, அரிக்கும். பொருளைத் துளையிட்ட பாலித்தீன் பையில் போட்டு, பாலித்தீன் ஃபோமில் பள்ளம் வெட்டிப் படுக்க வையுங்கள்.

பொருளை வைக்கும் முன் உலர்ந்த சிலிக்கா ஜெல்லையும் (ஈரத்தை உறிஞ்சும் மணிகள்) ஈரப்பத அட்டையையும் மட்டும் போட்டு மூடி, ஒரு வாரம் பாருங்கள். ஈரப்பதம் ஏறினால் மூடி ஒழுகுகிறது. எவ்வளவு ஜெல் போட்டாலும் ஒழுகும் பெட்டியைக் காப்பாற்ற முடியாது. என்னைக் கேட்டால், மொத்த வேலையில் முக்கியமான சோதனை இதுதான்.

4. சிலிக்கா ஜெல். ஒரு கிலோ இரும்புக்குக் குறைந்தது ஒரு கிலோ ஜெல். நீல ஜெல்லில் நச்சுள்ள கோபால்ட் இருப்பதால் தவிருங்கள். ஆரஞ்சு ஜெல் நிறம் மாறும்வரை காத்திருக்காதீர்கள். அது மாறும்போது இரும்புக்கான வரம்பை ஏற்கெனவே தாண்டியிருக்கும். ஈரத்துக்கேற்ப நிறம் மாறும் 5, 10, 15 சதவீதப் புள்ளிகள் உள்ள ஈரப்பத அட்டையை வெளியிலிருந்து தெரியும்படி வையுங்கள். மலிவான டிஜிட்டல் மானிகளை 20க்குக் கீழே நம்ப முடியாது. ஈரமான ஜெல்லை, விற்பவர் சொல்லும் வெப்பநிலையைத் தாண்டாமல் ஓவனில் உலர்த்தி, மூடிய டப்பாவில் ஆறவிட்டுப் போடுங்கள்.

5. ஆக்சிஜனையும் நீக்க. சாதாரண பாலித்தீன் ஆக்சிஜனை உள்ளே விடும். அதைத் தடுக்கும் படலத்தில் உறை செய்து, பொருளுடன் ஆக்சிஜன் உறிஞ்சிப் பொட்டலத்தைப் போட்டு வெப்பத்தால் ஒட்டுங்கள். உணவுப் பொட்டலங்களில் வரும் இரும்புத்தூள் உறிஞ்சிக்கு வேலை செய்ய ஈரம் வேண்டும். அதை உலர்ந்த ஜெல்லுடன் போட்டால் பயனில்லை. உலோகத்துக்கென்றே, ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சும் வகையை வாங்குங்கள்.

6. காட்சிக்கு வைக்கும்போது. ஜெல் தட்டு பொருளுக்குக் கீழே, தனியாகத் திறக்கும் அறையில் இருக்கட்டும். நடுப்பலகையில் காற்றுப் போக இடைவெளி விடுங்கள். விளக்கு பெட்டிக்கு வெளியே. வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோன் பசையால் இடுக்குகளை அடைக்காதீர்கள். ஈரப்பத அட்டையைப் பார்வையாளர் கண்ணில் படாத, ஆனால் உங்கள் கண்ணில் தினமும் படும் மூலையில் வையுங்கள்.